நாலாம் மாடிக் காலிங் பெல்

தொலைக்காட்சித் தொடரில் ஒரு பெண் மாடிப்படியில் உருண்டு விழுந்தால், நமக்குக் கேட்கிற அலறல் அநேகமாக இவளுடையது. திரையில் விழுகிறவள் வேறொருத்தி. அவளுக்கு அழகாக விழத் தெரியும், அலறத் தெரியாது. அதற்காக டப்பிங் ஸ்டூடியோவில், பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறைக்குள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவள் நிற்பாள். விம்மல், விசும்பல், தலையணைக்குள் அழுகிற அழுகை, கதவைச் சாத்திய பிறகு வருகிற ஒற்றைக் கேவல் என்று எது கேட்டாலும் கிடைக்கும். சவுண்ட் இன்ஜினியர் விளையாட்டாக வைத்த 'அலறலக்கா' என்ற பெயர் அவள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் மாடியில் அவளும், மருந்துக் கடை வைத்திருந்த அவள் கணவரும் இருந்தார்கள். புதுத் தொடர் தொடங்கினால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவாள். கணவர் கடையிலிருந்து கொண்டுவந்த பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். குடிவந்த புதிதில் பதறி ஓடிவந்த அக்கம்பக்கத்தார், போகப்போக வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம், "மேல ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட் இருக்காங்க, இருங்க, இன்னும் ஒரு தடவை வரும்" என்று சொல்லிக் காட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்கள்.

நாலாம் மாடியில் ஓர் ஆடிட்டர். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு "நீங்க முதல்ல" என்பார். குடியிருப்போர் சங்கத்தின் கணக்கைக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுத்ததால் அவருக்கு அங்கே ஏகப்பட்ட மரியாதை. அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அலறலக்காவோடு படிக்கட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் நின்று, மேலே யாரோ கூப்பிட்டதுபோல் கவனிப்பாள். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கணவர் கடைக்குப் போன பிறகு, அலறலக்காவுக்கு ஸ்டூடியோவிலிருந்து அவசர அழைப்பு வந்தது. கீழே இறங்கினால், சங்கச் செயலாளர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாடிப் பேராசிரியர் செய்தித்தாளோடு நின்றார். முதல் மாடிக்காரி குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு எந்தப் பெண் சாகிறாள் என்று செயலாளர் கேட்க, மொட்டை மாடியிலிருந்து ஒருத்தியைத் தள்ளுகிறார்கள் என்று இவள் சொல்ல, எல்லோரும் சிரித்து அவளை வழியனுப்பி வைத்தார்கள்.

அவள் திரும்பி வருவதற்குள் ஆடிட்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடது கை முறிந்திருந்தது. ஒரு காதுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. மேலே தண்ணீர் கேன் போடப் போனவர் படிக்கட்டில் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

யாருக்கும் சத்தம் கேட்கவில்லையா என்று அலறலக்கா கேட்டாள். கேட்டதாம். எல்லோருக்கும் கேட்டதாம். முதல் மாடிக்காரிக்கு அவள் எந்த வார்த்தை சொல்லிக் கதறினாள் என்பதுகூடக் கேட்டதாம். பேராசிரியருக்கு எழுத்து வேலை ஓடாததால் ஜன்னலைச் சாத்திக்கொண்டாராம். அப்புறம் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரு வார்த்தை மாறவில்லை.

"நாங்க நீங்கதான்னு நெனச்சோம்."

அப்படிச் சொன்ன ஒவ்வொருவர் முகத்தையும் அவள் நின்று நிதானமாகப் பார்த்தாள். காலையில் அவளுக்குக் கையசைத்த அதே முகங்கள். அவள் வெளியே போனதைக் கண்ணால் பார்த்தவர்கள், ஸ்டூடியோவிலிருந்து அவள் குரல் மட்டும் தனியாக வீட்டுக்கு நடந்து வந்து அலறியது என்று நம்பியிருக்கிறார்கள். படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், குழந்தைக்கு நாலு மொழி சொல்லிக் கொடுக்கிறவர்கள். கோழைத்தனத்துக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அந்தச் சாக்குக்கு இவள் பெயர் இருந்தது. அவ்வளவுதான்.

அந்த வாரம் சங்கக் கூட்டம் நடந்தது. அவளும் போனாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எழுந்து நின்று, "என் அலறலுக்கு நடுவுல கட் வரும். தண்ணி குடிப்பேன். மறுபடி முதல்லேர்ந்து அலறுவேன். அந்தப் பொண்ணுக்குக் கட் சொல்ல ஆளில்ல. உங்க காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆடிட்டர் வரவில்லை. மனசு சரியில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாவம் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.

கூட்டத்தின் முடிவில், அவளைக் கணக்கில் எடுக்காமல், ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குடியிருப்போரிடையே குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, மூன்றாம் மாடியில் வசிப்பவர் இனி வீட்டில் குரல் பயிற்சி செய்யக் கூடாது. ஒரு பெண்ணின் கை முறிந்ததற்கு அந்தக் கட்டடம் கண்டுபிடித்த பரிகாரம் அது.

கொஞ்ச நாள் கழித்து இரண்டாம் மாடிப் பேராசிரியர் அவள் வீட்டுக்கு வந்தார். அவருடைய கல்லூரியில் வன்முறைத் தடுப்பு விழிப்புணர்வு வாரம் நடக்கப் போகிறது. கண்ணெதிரே வன்முறை நடக்கும்போது வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதுதான் இந்த ஆண்டுக் கருப்பொருள். அவர்தான் சிறப்புரை. உரைக்கு நடுவே ஒரு பெண்ணின் அலறலை ஒலிபெருக்கியில் விட்டால் எடுப்பாக இருக்கும். ஒன்று பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவரை உட்காரச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பதிவெல்லாம் வேண்டாம், நேரிலேயே வருகிறேன் என்றாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

அரங்கம் நிறைய மாணவர்கள். மேடையில் பூங்கொத்துகள், வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், கொட்டை எழுத்தில் பேனர். பேராசிரியர் 'சமூகப் பொறுப்பு' என்ற சொல்லைத் தடவிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பக்கத்து அறைக்குள் போய் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எப்போது அலறப்போகிறாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நாற்காலி ஒன்றைக் கீழே தள்ளினாள். பிறகு தொடங்கினாள். தொடரில் வருகிற அழகான அலறலாக அது இல்லை. மூச்சு திணறி, வார்த்தை உடைந்து, விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிற குரல்.

பேராசிரியர் ஒரு நொடி நின்றார். ஒலிவாங்கியைச் சற்று கிட்டே இழுத்துக்கொண்டு உரையைத் தொடர்ந்தார். மாணவர்களில் சிலர் சிரித்தார்கள். பலர் போனைத் தூக்கி அறைக் கதவைப் படமெடுத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசைக்காரர்கள் பேராசிரியரைப் பார்த்தார்கள். கதவுப் பக்கம் ஒரு செருப்புச் சத்தமும் வரவில்லை.

தொண்டை கட்டும் வரை கத்திவிட்டு அவள் மேடையேறினாள். அங்கே அவள் பேசியதைச் சிறப்புரை என்று சொல்ல முடியாது. ஒரு கல்லூரியையே நிற்க வைத்துத் திட்டியதுபோல் இருந்தது. நீங்கள் நாளைக்கு டாக்டராவீர்கள், வக்கீலாவீர்கள், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒருத்தி செத்தாலும் அதை நல்ல வெளிச்சத்தில் படம் பிடித்துத் தருவீர்கள் என்றாள். கூட்டம் தலை குனிந்தது. குனிந்த தலைகளுக்கு நடுவே, கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"சரி மேடம். கதவு வரைக்கும் வந்துட்டோம்னே வச்சுக்குவோம். வந்து என்ன செய்யணும்? அதை யாரும் சொல்லித் தரலையே. நீங்களும் திட்டினீங்களே தவிர, சொல்லலையே."

யோசித்துப் பார்த்தால் அலறலக்காவுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள்? கதவை உடைத்திருப்பாளா, போலீசைக் கூப்பிட்டிருப்பாளா, கணவரை அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றிருப்பாளா? தெரியாது. அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று சொல்லி இறங்கினாள். ஊரையெல்லாம் ஏளனமாகப் பார்த்துப் பழகியவளுக்கு, வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கண்ணாடிக்காரியின் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது.

தெரிந்தவரிடம்தானே கேட்க வேண்டும். ஆடிட்டரின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தன் அக்கா வீட்டில் இருந்தாள். கையில் மாவுக்கட்டு. அலறலக்கா அவளுடைய நல்ல காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டாள். அன்றைக்கு நாங்கள் என்ன செய்திருந்தால் உனக்கு உதவியாக இருந்திருக்கும்?

அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்த பதில்போல் வந்தது.

"பெல் அடிச்சிருந்தா போதும்கா. சர்க்கரை கேட்டிருந்தாக்கூடப் போதும். அவருக்கு வெளி ஆளுங்கன்னா ரொம்ப மரியாதை. பெல் அடிச்சா, சட்டையச் சரி பண்ணி, தலைய வாரிட்டுத்தான் கதவைத் திறப்பார். அவர் தலை வார்ற நேரம் எனக்குப் போதும், பையைத் தூக்கிட்டு வெளிய வர."

ஒரு விரலால் செய்கிற வேலை. கட்டடத்தில் அத்தனை விரல்கள் இருந்தும் ஒன்றும் நீளவில்லை. இதைக் கேட்ட பிறகு அலறலக்காவுக்குத் தன் அண்டை வீட்டார் மேல் இருந்த வெறுப்பு இரண்டு மடங்கானது. ஆனால் கண்ணாடிக்காரிக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

கல்லூரியின் விளையாட்டு அறையில் வாரம் ஒருநாள் அவள் வகுப்பு தொடங்கியது. சொற்பொழிவு கிடையாது. கேரம் பலகைகளை ஓரம் தள்ளிவிட்டு ஒத்திகைதான். ஒரு மூலையில் அவள் அலறுவாள். இரண்டு பேர் சேர்ந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். தனியாகப் போகக் கூடாது. மூன்றாமவர் போன் போட வேண்டும். திறக்கிறவன் என்ன வேண்டும் என்று கேட்டால் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவர், மோட்டார் ரூம் சாவி, தொலைந்த பூனை, எதுவானாலும் சரி. பொய் சொல்லப் பழக்குகிறீர்களே என்று ஒருவன் கேட்டதற்கு, நீ ஹோம்வொர்க் விஷயத்தில் சொன்னதைவிட நல்ல பொய் இது என்றாள். உள்ளேயிருந்து "ஒண்ணுமில்ல, வழுக்கி விழுந்துட்டேன்" என்று பெண் குரல் வந்தால் நம்பிக்கொண்டு திரும்பக் கூடாது. அந்த ஒரு வாக்கியத்தை அவள் விதவிதமாகச் சொல்லிக் காட்டுவாள். உண்மையாகவே வழுக்கி விழுந்தவள் எப்படிச் சொல்வாள், பக்கத்தில் ஒருவன் நின்று முறைக்கும்போது எப்படிச் சொல்வாள் என்று கண்ணை மூடிக் கேட்கச் சொல்வாள்.

அந்த வகுப்பில் உடற்பயிற்சிக் கூடத்திலேயே குடியிருக்கிற ஒருவன் இருந்தான். அவனுக்கு அவள் வைத்த பெயர் தோள்பட்டை. அவனுக்குப் பூனையைத் தேடுவதெல்லாம் பிடிக்கவில்லை. நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்பது அவன் கட்சி. சினிமா பார்த்துக் கெட்டுப்போன மூளை என்று அவள் எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தாள். அது அவனை உசுப்பிவிட்டதோ என்னவோ, அடுத்த வாரமே பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தன் மனைவியின் கையை முறுக்கியதைப் பார்த்து, தனியாளாகப் போய் அவனைப் புரட்டி எடுத்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வீடியோ ஊர் முழுக்கப் பரவியது. கல்லூரி முதல்வர் அவனுக்குப் பொன்னாடை போர்த்த நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பெண் கல்லூரி வாசலுக்கு வந்தாள். முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடியிருந்தது. அந்தத் தம்பி யார் என்று விசாரித்தாள். தோள்பட்டை முன்னால் வந்து நின்றதும் அவள் கோபப்படக்கூட இல்லை. "நீ அவருக்குக் குடுத்ததை அவர் எனக்குக் குடுத்துட்டாருப்பா. இனிமே எங்க பார்த்தாலும் எங்களை விட்டுடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பொன்னாடை நின்றது. அதோடு வகுப்பும் நின்றது. மாணவர்களை வன்முறைக்குத் தூண்டியதாக அலறலக்காவின் மேல் பழி வந்தது. பேராசிரியர் தனக்கு இதில் சம்பந்தமில்லை என்று முதல் ஆளாகக் கையைக் கழுவினார். தோள்பட்டையை அவள் திட்டித் தீர்த்தாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவனைச் சீண்டியதை எண்ணி அவளுக்கும் அன்று சோறு இறங்கவில்லை. அதை அவனிடம் சொன்னாள். ஆனால் அந்தப் பெண்ணை அதன்பிறகு அவர்கள் எங்கேயும் பார்க்கவில்லை.

வகுப்பு நின்றாலும் ஐந்தாறு பேர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்கே வந்தார்கள். தோள்பட்டையும் வந்தான், கடைசி ஆளாக, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். இதற்கிடையே பெரியவர்கள் கூடிப் பேசி ஆடிட்டரையும் மனைவியையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். ஆடிட்டர் அழுதாராம். ஆண்பிள்ளை அழுததைப் பார்த்துப் பெரியவர்கள் உருகிவிட்டார்களாம். அவள் அழுததற்கு யாரும் உருகியதாகத் தகவல் இல்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேலே ஏதோ விழுந்தது. பிறகு அந்தக் குரல். இந்த முறை அலறலக்கா வீட்டில்தான் இருந்தாள். எல்லோருக்கும் முன்னால் படியேறிப் போனவளும் அவள்தான். நாலாம் மாடிக் கதவு முன்னால் போய் நின்றாள். காலிங் பெல்லுக்குக் கையைக் கொண்டுபோனாள். விரல் அழுந்தவில்லை. உள்ளே ஆடிட்டரின் குரல் தணிந்து, நிதானமாக, கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் கேட்டது. அதைக் கேட்டதும் அவள் கையைக் கீழே இறக்கிவிட்டாள். அந்த ஒரு பொத்தானை அழுத்த எவ்வளவு கனக்கும் என்று இவ்வளவு நாள் வகுப்பெடுத்தவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கண்ணாடிக்காரி பின்னாலிருந்து வந்து, அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பெல்லை அழுத்தினாள். விட்டு விட்டு, மூன்று தடவை. இன்னொரு பெண் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒருவன் படிக்கட்டில் நின்று போலீசுக்கு முகவரி சொன்னான். உள்ளே சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தலை படிய வாரியிருந்தது.

"அங்கிள், வருமான வரி பத்தி ஒரு ப்ராஜெக்ட். ரெண்டே ரெண்டு சந்தேகம்."

ஆடிட்டர் புன்னகைத்தார். நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்குக் காலையில் கொடுக்க வேண்டுமே என்று கண்ணாடிக்காரி அசட்டுச் சிரிப்போடு நின்றாள். கதவைச் சாத்த அவருக்கு மரியாதை இடம் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் பக்கத்தில் நின்றவள் அவர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க லேப்லேர்ந்து ஆள் வந்திருக்காங்க. ஏதோ ரிசல்ட்டாம். கீழ வரச் சொன்னாங்க" என்றாள்.

ஆடிட்டரின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். தோளில் கைப்பை இருந்தது. காலில் செருப்பில்லை. கணவரைத் தாண்டும்போது அவர் சிரித்த முகமாகவே, சீக்கிரம் வந்துவிடு என்றார். வெளி ஆட்கள் நிற்கும்போது அவர் வேறென்ன சொல்வார்? தோள்பட்டைக்குக் கொடுத்திருந்த வேலை, லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்பது. முஷ்டி இறுகி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. ஆனால் நின்றான்.

லிஃப்ட் கீழே போன பிறகு மாடிக்கு மாடி கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாம் முடிந்தபின் வருகிற தைரியம் அது. சங்கச் செயலாளர் பனியனோடு வந்து, என்ன கூட்டம் என்று விசாரித்தார்.

"ஒண்ணுமில்ல சார், டப்பிங். நீங்க உள்ள போங்க" என்றாள் அலறலக்கா.

ஆடிட்டரின் மனைவி அதற்கப்புறம் அந்தக் கட்டடத்துக்குத் திரும்பவில்லை. முதலில் வந்த போலீஸ்காரர் குடும்ப விஷயம் என்று சொல்லிப் பார்த்தார். ஐந்தாறு பிள்ளைகளும் அவளோடு ஸ்டேஷனுக்கே போய் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அசையாமல் இருந்ததால் புகாரை எழுதிக்கொண்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆடிட்டர் இன்னும் சங்கக் கணக்கைப் பார்க்கிறார். எல்லோரும் அவருக்கு வணக்கம் சொல்கிறார்கள். பேராசிரியர், இளைஞர்களுக்கு வன்முறைத் தடுப்புப் பயிற்சி அளித்ததற்காக எங்கோ ஒரு கேடயம் வாங்கினார். அதை வாங்கும்போது அவர் பேசிய பேச்சு வெகு உருக்கமாக இருந்ததென்று சொல்கிறார்கள்.

அலறலக்காவும் கணவரும் வேறு தெருவுக்குக் குடிபோனார்கள். மருந்துக் கடைக்கு மேலிருந்த காலி அறையில் இப்போது வகுப்பு நடக்கிறது. பெல்லுக்கு முன்னால் தன் விரல் நின்றுபோனதை அவள் முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறாள். அவர்களைத் திட்டுவதையும் விடவில்லை. அவ்வப்போது ஆடிட்டரின் மனைவியும் வருவாள். அடிபட்டு வந்தவளிடம் எதைக் கேட்கக் கூடாது என்பது அவள் பாடம். நீ என்ன சொன்னாய், அவருக்கு ஏன் கோபம் வந்தது என்று கேட்கிறவனை அவள் பார்க்கிற பார்வையிலேயே அவன் பாதி கற்றுக்கொள்வான். மீதியை அவள் சொல்லிக் கொடுப்பாள்: பக்கத்தில் உட்காரலாமா என்று கேள், உட்கார், போனை எடுக்காதே.

போன மாதம் புதிதாக ஒரு கூட்டம் வந்தது. அறை கொள்ளவில்லை. சான்றிதழ் உண்டா என்று ஒருவன் கேட்டான். கிடையாது என்றாள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். போகிறவர்களை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மிச்சமிருந்தவர்களை நாற்காலிகளைக் கிட்டே இழுத்துப் போடச் சொன்னாள்.